முன்பக்கம் சேதமில்லை

பழைய வண்டி வைத்திருப்பவனால் ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியாது, மேடம். தெருவில் ஏதாவது வண்டி போனால் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும். சத்தத்தில் ஏதோ சரியில்லை என்றால் குடித்துக்கொண்டிருக்கிற டீயை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவான். நேற்று உங்கள் நிலையத்து ஜீப் உள்ளே வந்தபோதும் நான் அப்படித்தான் எழுந்தேன். தப்பி ஓடப் பார்க்கிறேன் என்று காவலர் தோளைப் பிடித்து அழுத்தினார். சைலன்ஸரில் ஓட்டை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். பார்க்கச் சொல்லுங்கள்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டேன். நீங்களும் கொடுத்தீர்கள், நன்றி. என் பெயர் சாலமோன், வயது ஐம்பத்திரண்டு, மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் குடியிருப்பு. பிள்ளைகள் இல்லை, நானும் என் மனைவி ஷீலாவும்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்துமா, பொருந்தாதா என்று சொல்வதுதான் வேலை. கொஞ்சம் பொருந்தும் என்று ஒன்று எங்கள் தொழிலில் கிடையாது.

என் வண்டி தொண்ணூற்று நான்கில் ஜப்பானில் செய்தது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, சிவப்பு நிறம். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, ஓட்ட ஆளில்லாமல் பல்லாவரத்தில் போட்டு வைத்திருந்ததை நான் வாங்கினேன். இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று சபையில் கேலி செய்தார்கள். ஷீலாவும் கேட்டாள். எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். ஆலயத்தில், சாப்பாட்டு மேஜையில், எங்கே உட்கார்ந்தாலும் ஆடும். அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் மட்டும் ஆடாது. இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டி இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவியைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் கழற்றி வடித்த பிறகுதான் திருப்ப வேண்டும். எனக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். உள்ளே ஒரே ஒரு அடி கேட்டது. பல்லாவரத்திலிருந்து மெக்கானிக் சிட்டிபாபு வந்து படுத்துப் பார்த்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினே? பிளாக்குல கை போற அளவுக்கு ஓட்டை கீது. இத்த வெச்சிக்கினு ஒண்ணியும் பண்ண முடியாது. வேற எஞ்சின்தான்."

அன்றிலிருந்துதான் தேடல். வேறு எஞ்சின் என்று சொல்வது சுலபம். ஷார்ஜாவிலிருந்து வரும் பெரிய எஞ்சின் ஒன்று கிடைத்தது. அதை வைத்தால் பானெட் மூடாது, கியர் பாக்ஸ் தாங்காது, பிரேக்கையும் மாற்ற வேண்டும். அதே கம்பெனியின் சின்ன எஞ்சின் இங்கே தெருவுக்கு நாலு கிடைக்கும். போல்ட் எல்லாம் சரியாக உட்காரும், ஆனால் மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். சிட்டிபாபு ஒருநாள் டாக்சியில் கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்றைக் காட்டி, "இத்த மாட்டிகினு நிம்மதியா ஓட்டு சார், பேஜார் இல்லாத எஞ்சின்" என்றார். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடுப்பு சொல்லிவிட்டுப் பல்லாவரம் சந்தையில் பழைய இரும்பு விற்பவர்களிடம் சுற்றினேன். வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஷீலா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வாள்.

கடைசியில் ஒரே ஒரு வழி தெரிந்தது. இரண்டாயிரத்து ஒன்றையொட்டி இரண்டே வருடம் அதே கம்பெனி இங்கே விற்ற நாலு கதவு கார் ஒன்று இருந்தது. அதில் வந்தது என்னுடைய எஞ்சினேதான். அதே வார்ப்பு, அதே துளைகள், அதே ஒயர்கள். விசாரித்ததில் நம் பக்கம் இரண்டு வண்டி தேறியது. ஒன்றை உடைத்து விற்றுவிட்டார்கள். இன்னொன்றில் கேஸ் கிட் மாட்டி எஞ்சினைச் சாகடித்திருந்தார்கள். இனி இல்லை என்று இருந்த சமயத்தில், ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ரத்தினபாய் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வண்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, கொஞ்சம் பாரேன் என்றார். பானெட்டைத் திறந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். பத்து வருடமாக எங்கள் ஆலய வளாகத்திலேயே அந்த எஞ்சின் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெளிநிறம் மங்கிப்போன கார் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

டீச்சரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அறுபத்தொன்பது வயது, கீழ்க்கட்டளையில் தனியாக இருக்கிறார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போவார். நான் நியாயமாகத்தான் கேட்டேன். உங்களுக்கு நல்ல சின்ன எஞ்சின் ஒன்றைப் புதிதுபோல் செய்து பொருத்தித் தருகிறேன், இதை எனக்குக் கொடுங்கள் என்றேன்.

"ஓடுற குதிரைக்கு எதுக்குப்பா கால மாத்தணும்?" என்று சிரித்தார். நான் மறுபடியும் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "இது ஓடுற வரைக்கும் நான் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல, சாலமோன். வேற எது வேணும்னாலும் கேளு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அந்த வண்டியை நானே கவனிக்க ஆரம்பித்தேன். ஆயில் மாற்றினேன், ரேடியேட்டரைச் சுத்தம் செய்தேன், தேய்ந்த பாகங்களை மாற்றினேன். பிறர் வீட்டில் வளர்ந்தாலும் நம் பொருள் நம் பொருள்தானே. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் டீச்சர் எழுந்து, பெற்ற பிள்ளை இருந்தால்கூட இப்படிப் பார்க்கமாட்டான், கர்த்தர் எனக்கு சாலமோனைக் கொடுத்தார் என்று சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஷீலா என் ஆடுகிற காலின் மேல் கையை வைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மே மாதம் திருட்டுத் தடுப்புக் கருவி ஒன்றை அந்த வண்டியில் பொருத்தினேன். டாக்சிக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். வண்டி எங்கே போகிறது என்று போனில் காட்டும். திருடன் எடுத்துப்போனால் போனில் தொட்டே எஞ்சினை நிறுத்திவிடலாம். டீச்சரிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் என் போனில் வைத்துக்கொண்டேன்.

"இத யாருப்பா திருடப் போறா?" என்று கேட்டார்.

நான் யோசித்த முறையைச் சொல்கிறேன். வண்டி ஓடும் வரை தரமாட்டேன் என்றார், ஆகவே வண்டி ஓடாமல் போக வேண்டும். முன்னால் மோதினால் எஞ்சின் நொறுங்கும். பக்கவாட்டில் மோதினால் எஞ்சினைத் தாங்கும் இடங்கள் முறுக்கிக்கொள்ளும். பின்னால் மோதினால் டிக்கியும் பின்சீட்டும் அடியை வாங்கிக்கொள்ளும், எஞ்சினில் கீறல்கூட விழாது. டீச்சரின் பின்சீட்டில் அரிசிப் பைதான் இருக்கும். அவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், ஒரு மாதம் பட்டை போடுவார் என்று வைத்துக்கொண்டேன். யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை, மேடம். வண்டலூர் மேம்பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் அந்த இடம்.

ஜூன் மாத இரண்டாவது ஞாயிறு பைக்கில் பின்னால் போனேன். டீச்சருக்குப் பின்னால் பயணிகள் நிறைந்த பேருந்து வந்தது. பலருக்கு அடிபடும் என்று விட்டுவிட்டேன். மனசாட்சி இல்லாதவன் அப்படி விடமாட்டான். ஜூலையில் தோதாக ஒரு லாரி பின்னால் வந்தது. ஆனால் முன்னால் ஒரு வேன் மிக நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு போய் அதில் முட்டியிருந்தால் எல்லாம் வீண். அதையும் விட்டேன். வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்க மொட்டை மாடியில் நடந்தேன். கீழேயிருந்து ஷீலா, "சாப்பிடவாவது உக்காருங்களேன்" என்றாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் டீச்சரே ஒரு செய்தி சொன்னார். அவருடைய அக்கா மகன் எபி பெட்ரோலை மிச்சப்படுத்த அந்த வண்டிக்குக் கேஸ் கிட் மாட்டித் தரப்போகிறானாம், வருகிற பதினைந்தாம் தேதிக்குள். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். சின்னப் பையன் ஆசைப்படுகிறான், இருக்கட்டும் என்றுவிட்டார். என் கையில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

அந்த ஞாயிறு எல்லாம் கூடிவந்தது. பாலத்தின் ஏற்றத்தில் டீச்சருக்கு முன்னால் சாலை காலி. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நிதானமான வேகம். போனைத் தொட்டேன். லாரி ஓட்டுநர் பிரேக் போட்டார், அவர் மேல் தவறே இல்லை, அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். டீச்சருக்கு இடுப்பும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. பின்சீட்டில் இருந்த ஷீலா அங்கேயே இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"திடீர்னு நின்னுடுச்சுப்பா. எனக்கு ஒண்ணும் புரியல. இந்த வயசுல நான் ஓட்டியிருக்கக் கூடாது. உன் குடும்பத்த நான் அழிச்சிட்டேன். என்ன மன்னிப்பியா?"

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். டீச்சர் வெகுநேரம் அழுதார். பிறகு, ஷீலாவின் ரத்தம் பட்ட வண்டி வேறு எவன் கைக்கும் போகக்கூடாது, நீயே எடுத்துக்கொள் என்றார். அடுத்த ஞாயிறு போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்து என் பெயரைச் சொன்னார். ஆலயத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காப்பீட்டிலிருந்து வந்து பார்த்தவர் அறிக்கையில் 'முன்பக்கம் சேதமில்லை' என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

சிட்டிபாபு எஞ்சினைக் கழற்ற மறுத்துவிட்டார். "அக்கா போன வண்டி சார் இது. நான் கை வெக்க மாட்டேன். நீயும் வெக்காத சார், வூட்டுக்குப் போ" என்றார். நானே கழற்றினேன். கருவியையும் அப்போதே எடுத்துவிட்டேன். என் வண்டியில் இறக்கியபோது, எஞ்சினைத் தாங்கும் எல்லா இடங்களிலும் அரம் வைக்காமல் அப்படியே உட்கார்ந்தது. முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது.

எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பல பேர் செய்வதில்லை. நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்று முறைப்படி விண்ணப்பித்தேன். அந்த எண் விபத்து வழக்கில் இருக்கிறது என்று அங்கேயிருந்து உங்களுக்குத் தகவல் வந்தது. மனைவி செத்த வண்டியின் எஞ்சினை மூன்றே வாரத்தில் தன் வண்டியில் மாட்டியவனைப் பார்க்க நீங்கள் வந்தீர்கள். பிறகு என் போனைக் கேட்டீர்கள், எஞ்சினை நிறுத்திய நேரம் அதில் பதிவாகியிருந்தது. ஒழுங்காக நடந்துகொண்டதால்தான் உங்களிடம் மாட்டிக்கொண்டேன் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நாளுக்குப் பிறகு நீங்கள் மூன்று முறை கேட்டு, நான் மூன்று முறையும் தண்ணீர் வேண்டும் என்று சொல்லித் தட்டிக்கழித்த கேள்வி பாக்கி இருக்கிறது. ஷீலா அந்த வண்டியில் இருப்பது எனக்கு எப்போது தெரியும் என்பது. பாலத்தில் கதவை நெம்பித் திறந்தபோது தெரிந்தது என்று முதல் நாள் சொன்னேன். அது சரியில்லை.

ஆலய வளாகத்திலேயே தெரியும். டீச்சர் வண்டியின் முன்சீட்டில் பாயசப் பாத்திரத்தை ஏற்றியிருந்தார்கள். ஷீலா என்னிடம் வந்தாள். "என்னங்க, நானும் டீச்சர்கூட போய்ட்டு வரேன். வீட்ல இருந்தா நீங்க நடக்கிறதையே பாத்துட்டு உக்காந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவள் எதையும் கேட்காமல் விட்டதில்லை. அதோடு அடுத்த ஞாயிறு என்று ஒன்று இல்லை, எபி முந்திக்கொள்வான்.

தாம்பரத்திலிருந்து பாலம் வரை அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். பெருங்களத்தூர் தாண்டியதும் அவள் திரும்பி என் பைக்கைப் பார்த்துவிட்டாள். முதியோர் இல்லத்துக்கு நானும் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். முகம் மலர்ந்து கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் லாரி வந்தது.

எழுத வேண்டியது இன்னும் ஒன்றுதான். அவள் பின்சீட்டில் ஏறியதும் நான் குனிந்து, பெல்ட் போட்டுக்கொள் என்று சொன்னேன். பின்னால யாருங்க போடுவாங்க என்று சிரித்தாள். நானே இழுத்து, அவளுக்கு மாட்டிவிட்டு, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். மனைவி மேல் அக்கறை இல்லாதவன் அதைச் செய்திருப்பானா என்று நீங்களே சொல்லுங்கள், மேடம்.