கார்டில் இரண்டே எண்கள்

தூத்துக்குடி ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் மடியில் வேதப்புத்தகம் வைத்திருந்த கிறிஸ்தவர்; மற்றவர் திருநீறு பூசிய நெல் வியாபாரி. வியாபாரியின் கையில் கிறிஸ்தவரின் தபால் கார்டு. அடுத்தவர் கார்டை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் அதில் படிக்க அதிகம் இல்லை.

"என்ன வே, பெத்த தகப்பனுக்கு மூணு வருஷம் கழிச்சுக் கார்டு போடுதான். இன்னைக்குக் கப்பல்ல வாரேன்னும், 'லூக்கா 15, 18'ன்னும் மட்டும் எழுதியிருக்கான்?"

"அது வேதத்துல உள்ள இடம், அண்ணாச்சி. வீட்டை விட்டுப் போன மகன், அப்பன்கிட்டயே திரும்பிப் போறேன்னு கிளம்புத இடம். இவனும் எங்கூடச் சண்டை போட்டுட்டுத்தான் கொழும்புக்குப் போனான்."

"ரயிலு வந்தாச்சு, தந்தி வந்தாச்சு. இன்னும் இந்தப் பழைய புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு அலையுதீரே. 'தப்பு பண்ணிட்டேன், வாரேன்'னு நேரா எழுதுனா என்னவாம்?"

"எழுத மாட்டான் அண்ணாச்சி. என் வீம்பு அப்படியே அவன்கிட்ட இருக்கு. எனக்கும் 'வாலே'ன்னு எழுதக் கை வராது. எங்க ரெண்டு பேராலயும் சொல்ல முடியாதது இதுல இருக்கு."

"நீரு என்ன பதில் போட்டீரு?"

"அதே லூக்கா பதினஞ்சு, இருபது."

"அதுல என்ன இருக்கு?"

"மகன் தூரத்துல வரும்போதே தகப்பன் பாத்துட்டு, ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கான்."

வியாபாரி கார்டைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி தூத்துக்குடி நிலையத்துக்குள் நுழைந்தது. அது நிற்பதற்குள் கிறிஸ்தவர் கதவருகே போய்விட்டார்.

"பைய இறங்கும் வே! உம்ம மகன் எங்கயும் போயிர மாட்டான்."

"அப்பன் ஓடணும்னுல்லா அண்ணாச்சி எழுதியிருக்கு!"