டெஸ்டுக்கு முந்தின பத்து நாள்

சிதம்பரம் வட்டாட்சியர் முன்னிலையில், 2012ஆம் வருடம் ஏப்ரல் மாதம், கண்ணாயிரம் என்பவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் கண்ணாயிரம். தகப்பனார் பெயர் கோவிந்தசாமி. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, அதனால் பிறந்த தேதி தெரியாது. சுதந்திரம் வந்தபோது மாடு மேய்த்துக்கொண்டிருந்தேன் என்பதை வைத்து எழுபதுக்கு மேல் என்று எழுதிக்கொள்ளலாம். கீரப்பாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர், மேலத்தெரு. கதவு இலக்கம் தெரியாது. அடிபம்புக்கு எதிர்வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். விவசாயம் செய்து வருகிறேன்.

காலஞ்சென்ற விருத்தாம்பாள் என் மனைவி. சொந்த அத்தை மகள். மனுதாரர் ஜெயப்பிரகாஷ் எங்களுக்கு ஒரே மகன். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். டாக்டர் சத்யப்பிரியா கொடுத்த தவறான வைத்தியத்தால்தான் தன் தாய் இறந்தாள் என்றும், புதைத்த பிரேதத்தைத் தோண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் அவன் மனு கொடுத்திருப்பதாக வட்டாட்சியர் எனக்கு எடுத்துச் சொன்னார். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவளைத் தோண்டக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன் என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளவும்.

2004ஆம் வருடம் குறுவை நடவின்போது அவளுக்குக் காலில் முள் குத்தி, அந்தப் புண் தீபாவளி வந்தும் ஆறவில்லை. சுகாதார நிலையத்தில் சர்க்கரை என்று சொன்னார்கள். அதன் பிறகு சிதம்பரம் கீழவீதிப் பக்கம் சந்தில் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்த டாக்டர் சத்யப்பிரியாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா ரத்தம் எடுக்கச் சொல்லி, வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்லி, பிலிமை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சர்க்கரை கிட்னியைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார். ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்பதையும் படத்தில் கிட்னியும் இருதயமும் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்னும் எத்தனை வருடம் நன்றாக இருப்பாள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

அதற்கு என் மனைவி, "வைத்தீஸ்வரன் கோயில்ல ஏடு பாத்துச் சொல்ற மாரியா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"அங்க கட்ட விரல் ரேகை கேப்பாங்க. நான் ரத்தம் கேக்குறேன், அவ்ளோதான்" என்று டாக்டர் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் இருவருக்கும் ஒட்டுதல் ஏற்பட்டது அன்றைக்குத்தான். எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், உப்புக் கருவாடு, ஊறுகாய் தொடக் கூடாது, நீர் பிரியும் மாத்திரையை விடாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு முதல் டெஸ்டுக்குப் போனபோது சுகரும் பிரஷரும் நன்றாக இறங்கியிருந்தன. டாக்டர் பச்சை மையில் டிக் போட்டு, "நூத்துக்கு நூறு" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வண்டிகேட் நிறுத்தம் தாண்டும் வரையில் அந்தச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு, "மாமா, எனக்கு நூறு மார்க்காம்" என்றாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்.

வழக்கம் அதற்கு அடுத்த டெஸ்டிலிருந்துதான் ஆரம்பித்தது. டெஸ்டு வருவதற்கு வாரம் பத்து நாள் இருக்கும்போது பத்தியம் தொடங்குவாள். கருவாட்டுச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். நீர் மாத்திரையை வேளை தவறாமல் போடுவாள். மற்ற நாட்களில் அந்த மாத்திரையைத் தொட மாட்டாள். போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். நடவு வயலில், களை வெட்டும் இடத்தில், பெண்களுக்கு ஒதுங்க மறைவு ஏது என்று வட்டாட்சியர் யோசித்துப் பார்க்க வேண்டும். அதனால் அந்தப் பத்து நாளும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பாள். பக்கத்து வீட்டு தில்லையம்மாள் வேலி ஓரம் நின்று, "இன்னாடி, பரீட்ச வந்துடுச்சா? சட்டிய கவுத்துட்ட?" என்று கேட்பாள். இவள், "புருஷன் எதுருல எப்டி வேணா நிக்கலாம்டி. அந்தப் பொண்ணு எதுருல அழுக்கா நிக்க முடியுமா? அது மொகம் வாடிப்பூடும்" என்பாள். டெஸ்டு முடிந்து வந்த சாயங்காலமே சட்டி அடுப்பில் ஏறிவிடும்.

இதை ஏமாற்றுவது என்று நாங்கள் நினைக்கவில்லை. கலெக்டர் வருகிறார் என்றால் ஊர்ப் பாதையில் செம்மண் கொட்டி, பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அது மரியாதை. இவள் ரத்தத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள், அவ்வளவுதான்.

டெஸ்டு நாளன்று முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு போவோம். ரத்தம் கொடுத்துவிட்டு, மேல வீதி ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பவும் ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நாங்கள் போவது ரயில்வே ஸ்டேஷன். அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தி வைத்திருந்த வருடங்கள் அவை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள், அந்தப் பள்ளத்தில் ஆடுகள் மேயும். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு மட்டும் மிச்சம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி மடித்துக்கொண்டு உட்காருவாள். கல்யாணம் ஆனதிலிருந்து விடிந்தால் ஆளுக்கு ஒரு வயல் என்று போனவர்கள் நாங்கள். பட்டப்பகலில், செய்ய ஒரு வேலையும் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த பெஞ்சில்தான். இது வழக்குக்கு வேண்டாத விஷயம் என்றால் அடித்துவிடலாம்.

ஒரு தடவை அவள், "மாமா, ரயிலு எப்ப வரும்?" என்று கேட்டாள். "ஒன் உப்பு எறங்குனதும் வரும்" என்றேன். "அப்ப இந்த சென்மத்துல வராது" என்றாள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. 2010ஆம் வருடம் ரயில் வந்தே விட்டது. ஜனம் பெருகி, பிளாட்பாரம் டிக்கெட் கேட்டு எங்களை எழுப்பிவிட்டார்கள். "சொம்மா கெடந்த எடத்துக்கு ரயில வுட்டுக் கெடுத்துட்டானுங்க" என்று கிளினிக் வரும் வரையில் திட்டிக்கொண்டே வந்தாள்.

2011ஆம் வருடம் ஆடி மாதம், படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னதால், டாக்டர் எங்களைக் கடலூருக்கு எக்கோ எடுக்க அனுப்பினார். இருதயத்தை டிவியில் காட்டினார்கள். அவள் தலையைத் திருப்பிப் பார்த்து, "மாமா, தவள தொண்ட மாரி அடிச்சிக்குது பாரு" என்றாள். அதன் பிறகு அந்தப் படத்தைச் சிதம்பரம் கொண்டுவந்து கொடுத்தோம். டாக்டர் படத்தையும் ரத்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். டிக் போடவில்லை.

"ரத்தம் பாஸுங்குது. படம் பெயிலுங்குது. ரெண்டுல எது பொய் சொல்லுது பாட்டிம்மா?" என்று கேட்டார்.

"மிஷினு பழசா இருக்கும் டாக்டரம்மா" என்று என் மனைவி சொன்னாள்.

டாக்டர் வேறொரு இடத்தில் திரும்பவும் எக்கோ எடுக்க வைத்தார். அதுவும் முதல் படம் சொன்னதையே சொன்னது. அதன் பிறகு எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்ன சொல் மாறாமல் இதைச் சொல்கிறேன்: "ரத்தத்த மட்டும் பாத்தா அஞ்சு வருஷத்துக்குக் கவல இல்லம்மா. படத்தப் பாத்தா ஒரு வருஷம்கூட எனக்கு நம்பிக்க இல்ல. நான் படத்ததான் நம்புறேன். மகன ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்க." மாத்திரையையும் கூட்டினார். உப்பு அறவே கூடாது என்றார். எதையாவது மறைக்கிறீர்களா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இவள் சிரித்தாள். டாக்டர் சொல்லவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

கிளினிக் வாசலிலேயே மகனுக்குப் போன் போட்டு அவளே பேசினாள். "அஞ்சு வருஷத்துக்குக் கவல இல்லன்னுட்டாங்கடா. நீ காண்ட்ராக்ட்ட முடிச்சிட்டு நிதானமா வா" என்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன், தொடையில் கிள்ளினாள். பஸ்ஸில் வரும்போது ஏன் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டாய் என்று கேட்டேன். "அவன் வந்து எம்மூஞ்சியவே பாத்துக்கினு ஒக்காந்திருந்தான்னா நான் பயத்துலயே பூடுவேன் மாமா" என்றாள். என் மகன் மனுவில் எழுதியிருக்கும் அந்த ஐந்து வருடம் இப்படி வந்ததுதான். அவனுக்கு அவன் அம்மா சொன்னது மட்டும்தான் தெரியும். அவன் மேல் குற்றமில்லை.

அந்த வருடக் கடைசியில் தானே புயல் அடித்தது. வீட்டு ஓடு பறந்தது. முருங்கை விழுந்தது. கரண்டு இல்லை. காய்கறி கண்ணில் படவில்லை, கடலூரிலிருந்து சைக்கிளில் வரும் கருவாடுதான் கிடைத்தது. தை மாதம் கொடுக்க வேண்டிய ரத்தத்தைக் கொடுக்கவில்லை. கிளினிக்கிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மாசிக் கடைசியில் வருவதாகச் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை பத்தியம் தொடங்க வேண்டும், கருவாட்டைத் தீர்த்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமையும் அதையே குழம்பு வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவள், மூச்சு முட்டுகிறது என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ வைத்துக் கிளம்பினோம். என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். வழியில், "இன்னும் பத்தியமே ஆரம்பிக்கல மாமா, இப்ப ரத்தம் எடுத்தா என்னா ஆவுறது?" என்று கேட்டாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

கிளினிக் வாசலில் டாக்டர் ஓடி வந்து, ஆட்டோவுக்குள் குனிந்து நாடி பார்த்து, கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். அதன் பிறகு மறுபக்கம் சுற்றி வந்து, ஏறி, அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் இறங்கவில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"என்ன சாப்ட்டாங்க தாத்தா?" என்று கேட்டார்.

"கருவாட்டுக் கொழம்பு" என்றேன்.

"இதான் மொத தடவயா?"

"டெஸ்டு இல்லாத நாள்லல்லாம் அதாம்மா."

டாக்டர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அப்ப இத்தன வருஷமா நான் பாத்தது யாரோட ரத்தம் தாத்தா?" என்று கேட்டார்.

மறுநாள் எங்கள் வகையறா வழக்கப்படி ஆற்றங்கரையில் புதைத்தோம். மகனுக்கு லீவும் டிக்கெட்டும் கிடைத்து வந்து சேர்வதற்குள் பால் தெளித்தாகிவிட்டது. வந்தவன் மண்மேட்டைப் பார்த்தான். அதன் பிறகு வீட்டுக்கு வந்து ரத்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆடி மாதத்துக்கு முந்தின எல்லாவற்றிலும் டிக் இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டான். நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து மனு கொடுத்தான்.

என் மனைவியின் சாவில் சந்தேகம் உண்டா என்று வட்டாட்சியர் கேட்டதற்கு, எனக்குச் சந்தேகம் ஏதுமில்லை. டாக்டர் மேல் புகார் இல்லை. பிரேதத்தைத் தோண்டினால் என்ன தெரியும் என்று நான் கேட்டதற்கு, கிட்னி, இருதயத்தின் நிலை தெரியும் என்று வட்டாட்சியர் சொன்னார். அதை டாக்டர் ஆடி மாதமே படத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார். இதற்கு மேல் அவளைத் திறந்து பார்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தயாராகாமல் அவள் ஒருநாளும் யாரிடமும் உடம்பைக் காட்டியவள் இல்லை.

இதுவரை எழுதியதைக் குமாஸ்தா சத்தமாகப் படித்தபோது, வெளியில் நின்றிருந்த என் மகனையும் வட்டாட்சியர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவன் டாக்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ரெண்டு மணி நேரமும் ஸ்டேஷன்ல அம்மா இன்னாப்பா பேசும்?" என்று கேட்டான்.

"முக்கா நேரம் என்னத் திட்டும். மிச்ச நேரம் தூங்கும்" என்றேன்.

"என்னப் பத்தி?"

"ஒன்னத் திட்டாதுடா. நீ ஏசி போட்ட வீட்டுலல்லாம் குளுரு எப்டி இருக்கும்னு கேக்கும். எனக்கென்னா தெரியும்? வேப்பங்காத்து மாரி இருக்கும்னு சொல்லி வச்சேன்."

அவன் வட்டாட்சியரைப் பார்த்து, "தோண்ட வேணாம் சார்" என்றான். அதைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று வட்டாட்சியர் சொல்ல, அவன் பேனா கேட்டு வாங்கிக்கொண்டான்.

மேலே கண்டது முழுவதும் நான் என் நினைவிலிருந்து சொன்னது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பயமுறுத்தியதில்லை. எழுதியபடியே எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னதை வட்டாட்சியர் அடிக்கவில்லை. சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு என் இடது கைப் பெருவிரலைப் பதிக்கிறேன்.

கண்ணாயிரம், த/பெ. கோவிந்தசாமி
(இடது பெருவிரல் ரேகை)

என் முன்பாக:
வட்டாட்சியர், சிதம்பரம்