கூட வந்தவள் கையில் ஸ்பேனர் எங்கே?

கண்ணசைவிலேயே எங்களைக் கட்டியாளும் அவைத்தலைவர், எங்கள் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பட்டறைக் கதவைப் பரிவோடு திறந்துவிட்ட முதலாளிமார்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! கையெல்லாம் கிரீஸோடு வீடு திரும்பும் மகளைக் கண்டு முகம் சுளிக்காத தாய்மார்களே! எனக்கு முன்னால் பேசியவரைக் கைதட்டியே உட்காரவைத்த மாணவச் செல்வங்களே! இந்தப் பள்ளியில் ஏசி, பிரிட்ஜ் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் டீச்சரின் வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த பயிற்சிப் பட்டறைக்கான கேடயம், இதோ என் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறாரே, இந்த ஏசி பட்டறைக்காரம்மாவுக்கு. அவரைப் பாராட்டத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். பாராட்டுகிறேன். ஆனால் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேச எனக்குத் தெரியாது. இவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது!

சிரிக்காதீர்கள். ஏன் எரிகிறது என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போகும் என் மாணவி ஒருத்தியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் வெடிப்பாள், அதனால் பட்டாசு என்றே பெயர். சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் யார்? நான். செம்புக் குழாயைப் பற்றவைக்கப் பழக்கியவள் யார்? நான். தொண்டை வறளக் கத்தியவள் யார்? நான்! ஆனால் வகுப்பில் அவள் என்ன சொல்கிறாள்? "பட்டறை அக்கா இப்படிப் பிடிக்க மாட்டாங்க டீச்சர். அக்கா வேற மாதிரி." எடுத்ததற்கெல்லாம் அக்கா! நட்டைத் திருகினால் அக்கா, வயரைத் தொட்டால் அக்கா! பாடுபட்டது நான், பெயர் வாங்குவது அக்காவா?

பயிற்சி நடக்கும் இடங்களைப் பார்வையிட்டுத் தரம் சொல்வது என் பொறுப்பு. ஊரில் எல்லோரும் அதை எப்படிச் செய்கிறார்கள்? முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போடுவார். காபி வரும். பிள்ளையைக் கூப்பிட்டு, "நல்லா கத்துக்கிறியாம்மா?" என்று கேட்பார்கள். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? "நல்லா கத்துக்கிறேன்." முடிந்தது மதிப்பீடு! மதிப்பெண் கற்றலுக்கா, காபிக்கா?

இவர் பட்டறைக்குப் போனபோது நான் காபியைத் தொடவில்லை. குற்றம் கண்டுபிடிக்கப் போனவளுக்குக் காபி எதற்கு? மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு மாலை வரை அசையாமல் உட்கார்ந்தேன். "இன்னுமா கிளம்பல, டீச்சர்?" என்றார் இந்த அம்மா. "உங்களுக்கு என்ன அவசரம்?" என்றேன்.

என்ன பார்த்தேன்? பட்டாசு ஒரு குழாயை வளைத்தாள், அது நசுங்கிப்போனது. நானாக இருந்தால் வெடுக்கென்று பிடுங்கியிருப்பேன். இவர் பிடுங்கவில்லை. "எங்க நசுங்குச்சுன்னு தடவிப் பாரு. பார்த்துட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். என்ன பொறுமை, என்ன நிதானம்! ரசிக்கவும் முடியவில்லை, ரசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பட்டாசோடு இன்னொரு மாணவியும் அங்கே போகிறாள். அதிகம் பேச மாட்டாள். பட்டறையில் அவளைக் 'கூட வந்தவள்' என்றுதான் சொல்கிறார்கள். டார்ச் பிடித்தாள், துணி எடுத்துக்கொடுத்தாள், பட்டாசு செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாலை வரை அவள் கையில் ஒரு ஸ்பேனர் ஏறவில்லை! ஆகா, அகப்பட்டது குற்றம்! பரிசு விழுந்தவள் போலத் துள்ளி எழுந்தேன். "இந்தப் பொண்ணுக்கு என்ன வேலை கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

இவர் சும்மா விடுவாரா? "உங்க கிளாஸ்ல என்ன வேலை கொடுக்கிறீங்க, டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவையோரே, என் வகுப்பிலும் அவள் டார்ச் பிடிப்பவள்தான்! பட்டாசு யாருடைய மாணவி என்று நாங்கள் இருவரும் மல்லுக்கு நின்றோம். கூட வந்தவளைக் கேட்க இந்தப் பக்கமும் ஆளில்லை, அந்தப் பக்கமும் ஆளில்லை!

ஆகவே கேட்கிறேன். ஒரு பட்டறையின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? பளபளக்கும் தரையைக் கொண்டா? படபடவென்று பேசும் பிள்ளையைக் கொண்டா? எங்கே விட்டாலும் கற்றுக்கொள்ளும் பிள்ளையைக் காட்டி மார்தட்டுவது தரமா? கூடப் போன பிள்ளையின் கையைப் பாருங்கள்! முதலாளி இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள்! என்ன கற்றாய் என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்! அந்தக் கைக்குத் தெரியவில்லையா? அப்படியானால் தேறாதது அந்தப் பெண் அல்ல, அந்தப் பட்டறையும் இந்தப் பள்ளியும்தான்!

கை தட்டியது போதும், தட்டினால் அவளுக்கு வேலை வந்துவிடாது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "என்னை வேற பட்டறைக்கு மாத்துங்க டீச்சர். பட்டாசு இல்லாத இடமா. அவ செய்றதையே பார்த்துப் பார்த்து எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள். அடி என் கண்ணே, நீயும் நம்ம கட்சிதானா!

முதலாளிமார்களே, இவளை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? கை தூக்குங்கள். ஏன் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறீர்கள்? பட்டாசு என்றால் போட்டி போட்டுத் தூக்கியிருப்பீர்களே!

என்னம்மா, நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? கேடயம் கடைசியில்தான். என்ன? மைக்கில் சொல்லுங்கள்... கடைசி வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? நான் சொல்கிறேன். "அவ எங்கயும் போக வேண்டாம் டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து அவ மட்டும் என்கிட்ட வரட்டும். பட்டாசை வேற இடத்துக்கு அனுப்புங்க, அவ எங்க போனாலும் பொழச்சுக்குவா" என்கிறார்!

பட்டாசு, என்னை முறைக்காதே. சொன்னது உன் அக்கா.

தாய்மார்களே, நான் மகிழ வேண்டாமா? யாருக்காக இத்தனை நாள் புழுங்கினேனோ, அவளையே விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் இந்த வார்த்தை என் வாயில் ஏன் முதலில் வரவில்லை? குற்றம் கண்டவள் நான், ஆளைத் தேடியவள் நான், மேடையும் என்னுடையது. கூட வந்தவள் எழுந்து நின்று பார்ப்பது யாரை? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பது யாரை? என்னை இல்லை, இவரை!

கொடுங்கள் அந்தக் கேடயத்தை, என் கையாலேயே கொடுத்துத் தொலைக்கிறேன். பொறாமைக்காரியின் பேச்சைப் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.