பௌர்ணமியில் வெட்டிய மரம்

இது நான் பாத்தது இல்லப்பா. என்கூட வேலை பாக்குறவனோட பெரியப்பாவுக்கு நடந்தது. நம்பினா நம்பு, இல்லாட்டி எந்திரிச்சுப் போய்த் தனியா தூங்கு...

ராத்திரி பதினோரு மணி இருக்கும். ஊருக்கு வெளியில போற ரோடு, ஒரு விளக்கு கிடையாது. ஆனா பௌர்ணமி... கீழ கிடக்குற கல்லு கூடத் தெரியுது. பெரியப்பா நிழலா பாத்து ஓரமா நடக்குறாரு. கையில ஒரு உளி, துணியில சுத்தி. திருடப் போகல. தங்கச்சி வீட்டுக் கதவைச் சரி பண்ணப் போறாரு. அதுக்கு எதுக்கு ஒளிஞ்சு போகணும்? சொல்றேன்.

அவர் தச்சர். பட்டப்பேரு 'தேய்பிறை'. நிலா தேயிற நாள்ல மட்டும்தான் மரம் வெட்டுவாரு. பௌர்ணமியில வெட்டினா சாறு ஏறி நிக்கும், காயாது, முறுக்கிக்கும், வண்டு அரிக்கும்பாரு. நிஜமோ பொய்யோ, அந்தப் பேருக்காகவே ஆளுங்க தேடி வந்தாங்க.

தங்கச்சி புது வீடு கட்டினா. வாசக்கதவு அண்ணன்தான் செய்யணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவளுக்குன்னு காயவச்சிருந்த மரத்தை ஒரு பெரிய இடத்து ஆள் வந்து கேக்க, இவரு பல்லைக் காட்டிக்கிட்டுத் தூக்கிக் குடுத்துட்டாரு. குடிபோற நாள் நெருங்கிருச்சு. ஒரு பௌர்ணமியில அவசரமா வேற மரத்தை வெட்டி, ஈரத்தோடயே கதவு செஞ்சு மாட்டிட்டாரு. நம்ம தங்கச்சிதானே, கண்டுக்க மாட்டா... அவளோ வர்றவங்க கிட்டல்லாம், "எங்கண்ணன் தேய்பிறையில வெட்டினது"ன்னு கதவைத் தட்டித் தட்டிக் காட்டினா. அவருக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. இருந்தும் தலையை ஆட்டி வச்சாரு.

கதவு முறுக்கிக்கிச்சு. "உள்ள இருந்து இழுத்தா வர மாட்டேங்குதுண்ணா. எனக்கு வேற அப்பப்ப மூச்சு இழுப்பு வருது, அவரும் லாரி ஓட்டப் போயிடுறாரு, பயமா இருக்கு"ன்னு போன் மேல போன். இவரு நாளைக்கு, நாளைக்குன்னாரு. பகல்ல உளியோட போனா வழியில நாலு பேர் கேப்பாங்களே... தேய்பிறை செஞ்ச கதவு கோணிக்கிச்சுன்னு சிரிப்பாங்களே. அப்புறம் போன் வர்றதும் நின்னுச்சு.

அதான் ராத்திரியில கெளம்பினாரு.

வீடு இருட்டா இருக்கு. கதவைத் தொட்டாரு... ஈரம். பச்சை மரவாடை, அப்பத்தான் வெட்டின மாதிரி. "நான்தான்மா"ன்னாரு மெதுவா.

உள்ள, கதவை ஒட்டி அவ குரல். "வந்துட்டியாண்ணா."

இடுக்குல உளிய விட்டு, சத்தம் வராம கையால அழுத்திச் செதுக்குறாரு. சரக்... சரக்...

"மரம் எப்ப வெட்டினதுண்ணா?"

"தேய்பிறையிலதான்மா."

கதவு கிறீச்சுன்னு இறுகி உளியைக் கவ்விக்கிச்சு. இழுத்தாரு, வரல. மறுபடி கேட்டா. மறுபடி அதையே சொன்னாரு. விரல்ல சாறு வழியுது. இன்னொரு தடவை கேட்டா, குரல் இப்ப காதுக்குள்ள... நெத்தியைக் கதவுல வச்சு அழுதுட்டாரு. "பௌர்ணமியிலம்மா. உன் மரத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

கதவு தானா திறந்துச்சு. சத்தமே இல்ல.

அவ வாசப்படிக்கு உள்ள கிடந்தா. தொட்டா சில்லுன்னு... உயிர் போயி ரெண்டு நாளாச்சுன்னு அப்புறம் வந்த டாக்டர் சொன்னாரு. நகக்கண்ணெல்லாம் மரத்தூள்.

விடிஞ்சதும் சொந்தக்காரங்க வந்துட்டாங்க. "ராத்திரின்னு பாக்காம ஓடி வந்திருக்காரே, அண்ணன்னா இப்படி இருக்கணும்"னு ஆளாளுக்குச் சொல்றாங்க. இவரு அவ பக்கத்துல தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காரு. துக்கம்னு நினைச்சாங்க. அது அவமானம்.

தங்கச்சி புருஷன் வாசல்ல நின்னு கதவைத் தடவினான். "தேய்பிறை மரம்தானே மச்சான்? அப்புறம் எப்படிக் கோணிக்கிச்சு?"

அத்தனை பேரும் இவரையே பாக்குறாங்க.

"தேய்பிறைதான் மாப்ள"ன்னாரு.

அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்தான், மத்தவங்களும் பின்னாலயே வந்தாங்க. காத்தே இல்ல... கதவு மெதுவா நகந்து... டப்புன்னு மூடிக்கிச்சு. உள்ள அவரும் அவளும் மட்டும். நாலு பேர் முட்டித் தள்ளியும் அசையல. உள்ள இருந்து அவர் குரல், முனகலா. "பௌர்ணமியிலம்மா... பௌர்ணமியில..."

கதவு திறக்கல.

அப்புறம் இன்னொரு குரல். இது எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுச்சாம்.

"சத்தமாச் சொல்லுண்ணா. வெளியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."