வெயில் நாற்காலி

கேத்திக்கு மேலே இருக்கிற எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது, வெயிலைத் தவிர. கலைப்புலக் கட்டடம் மலையின் நிழலில் நிற்கிறது. ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் இருக்கும் ஒரே ஒரு நாற்காலியில்தான் வெயில் விழும். மற்றவர்கள் குல்லா போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துவோம்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் வெளியூர்க்காரர்கள், அதனால் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலி புதிதாகச் சேர்ந்தவருக்கு. கீழேயிருந்து வந்து நடுங்குகிறவர் முதல் குளிர்காலத்தை அதில் கழிக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் ஆரம்பித்துவைத்தார். புதியவர் யாரும் இல்லையென்றால் மூத்தவர் உட்காரலாம். மூத்தவன் நான்தான், ஆறுமுகசாமி, வரலாற்றுத் துறை. ஆனால் வருஷா வருஷம் யாராவது வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

வரவேற்புக் கூட்டத்தில் புதியவர்களை அறிமுகப்படுத்துவது என் பொறுப்பு. படிப்பையும் பட்டத்தையும் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும். அதனால் ஏதாவது ஒரு தனித்திறமையைச் சேர்த்துக்கொள்வேன். சமூகவியலுக்கு வந்த விமல் அருமையாகப் பாடுவார் என்றேன். அப்படி ஒரு முகம் அவருக்கு. அதற்குப் பிறகு எஸ்டேட் கோயில் திருவிழா, வெலிங்டனில் யார் வீட்டுக் காதுகுத்து என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பாடியதை நானும் கேட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. வெயில் பட்டு என் முழங்கால் வலி அந்த வாரமே குறைந்தது.

பொருளியலுக்கு வந்த ரஞ்சனி ஜாதகம் கணிப்பார் என்றேன். மறுநாளே கல்யாண வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்கள் காந்தலிலிருந்து ஜாதகத்தோடு வந்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னால், என்ன அடக்கம் என்றார்கள். தொல்லை தாங்காமல் ஒரு ஜோடிக்குப் பொருத்தம் இருப்பதாகச் சொல்லிவிட்டார். கல்யாண மண்டபத்திலேயே சண்டை வந்து, இரண்டு வீட்டாரும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ரஞ்சனி பின்வாசல் வழியாகப் போய் கோவை பஸ்ஸில் ஏறினார். பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

தத்துவத் துறைக்கு வந்த சில்வஸ்டரை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. கூட்டத்துக்கு முந்தைய ஒரு வாரமும் அவர் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர் ஒரு பார்வை பார்த்தால் காட்டெருமைகூடத் திரும்பிப் போய்விடும் என்று மேடையில் சொன்னேன். பலத்த கைதட்டல். அவரும் தட்டினார், நான் ஏதோ தத்துவம் பேசுவதாக நினைத்திருப்பார்.

காட்டெருமை வந்தால் வாட்ச்மேன் பரமசிவன் வனத்துறைக்குத்தான் போன் செய்வார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒன்று வந்தபோது நேராக எங்கள் அறைக்கு வந்து சில்வஸ்டர் முன்னால் நின்றார்.

"ஏனுங்க சார், கேன்டீன் பக்கம் காட்டெரும வந்துருச்சுங்க. நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

"நானா?"

"ஆறுமுகசாமி சார் மேடையில சொன்னாருங்களே. அவரு பொய்யா சொல்லுவாரு?"

சில்வஸ்டர் என்னைப் பார்த்தார். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "போயிட்டு வாங்க சார்" என்றேன்.

அவர் காட்டெருமையைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. சில்வர் ஓக் மரத்தில் அவர் ஏறிய வேகத்தைப் பற்றி மாணவர்கள் இன்னும் பேசுகிறார்கள். இறங்கும்போதுதான் கால் முறிந்தது. அவர் மரத்தில் இருந்த நேரமெல்லாம் நான் வெயில் நாற்காலியில் இருந்தேன்.

ஒப்புக்கொள்கிறேன். மூன்றையும் சொன்னது நான்தான். மூன்றும் பொய். நாற்காலிக்காகத்தான் சொன்னேன். ஆனால் யாரைப் பற்றியாவது ஒரு குறை சொல்லியிருக்கிறேனா? எல்லோரையும் புகழ்ந்துதான் பேசினேன்.

அதனால் இந்த அறிமுகப் பொறுப்பை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை ஆங்கிலத் துறையில் ஸ்ரீமதி என்ற பெண் சேருகிறார். மாடிப்படி ஏறினாலே தலைசுற்றும் என்று சொன்னாராம், பாவம். உயரமான பாறையில் கயிறு கட்டித் தொங்கித் தேனெடுப்பதில் கெட்டிக்காரர் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். ஊருக்குப் புதிதாக வருகிற பெண், நாலு பேர் மதிக்க வேண்டாமா?