ஏரித் தண்ணீர் சுத்தமாம்

"மீனுக்கு நாங்களே விஷம் வெச்சோமாம், டீச்சர்!"

தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து வந்தது இந்தக் குரல். பேசியவர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரின் மனைவி. பக்கத்தில் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியை. வேதியியலில் இரண்டாம் முயற்சியில் தேறிய நான், காதை மட்டும் நீட்டினேன்.

"விஷமெல்லாம் இல்லம்மா. கோடையில ஏரி காய்ஞ்சு சாணியும் செடியும் மக்கிக் கிடக்கும். முதல் மழை அத்தனையையும் மீன் ஒதுங்கியிருக்கிற நடுக்குழிக்கு அடிச்சுக்கிட்டு வரும். அது அழுகினா தண்ணியில ஆக்சிஜன் போயிடும். மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"டிகாஷன் மாதிரி கருப்பா வந்துச்சின்னு நானும் கத்தினேனே! தண்ணிய சோதிக்கிற ஆபீசர் எப்ப வந்தாரு? ரெண்டு வாரம் கழிச்சி, ஏரி ரொம்பினப்புறம்! பாட்டில்ல மொண்டுகினு போயி, தண்ணி சுத்தம்னு எழுதிட்டாரு. பொணத்த எரிச்சப்புறம் ஜொரம் பாக்க வந்தா மாதிரி!"

"நல்ல ரிப்போர்ட்தானே?"

"இன்னா நல்லது? தண்ணி சுத்தமாம், அதனால நாங்கதான் விஷம் வெச்சோமாம். ஊர்க்காரனுங்க நாளைக்குக் கூட்டம் போட்டு குத்தகைய புடுங்கப் போறானுங்க."

"அந்த ரிப்போர்ட்டைக் காட்டு."

ஆசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"விஷமும் இல்லைன்னு இதே தாள்ல எழுதியிருக்காரேம்மா!"

"அந்த வரிய ஒருத்தனும் படிக்கல பாத்தீங்களா!" அந்த அம்மாள் எழுந்தே விட்டார். "நாளைக்கு நீங்க வந்து படிங்க டீச்சர். நான் படிச்சா, எழுத்துக்கூட்டுறேன்னு சிரிப்பானுங்க."