மொட்டைமாடி நெட்டுக்காரர் வீடு

ஐயோ, அந்தச் சுவர்ல ஓட்டை போடாதீங்கண்ணே, எங்க வீட்டுக்காரரு வந்ததும் கண்ணு முதல்ல அங்கதான் போகும். டிவிக்குப் பின்னால போடுங்க. அவரு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்ல? முக்கால் மணி நேரமா? சரி சரி, போடுங்க.

என்ன சிரிக்கிறீங்க? மாடியில ஆன்டெனாவைப் பாத்துட்டீங்களா! ஆமாண்ணே, மொட்டைமாடி நெட்டுக்காரர் வீடேதான். அவரு வீட்டுக்கே உங்க கம்பெனி கேபிள்! காலையிலேருந்து நானும் தனியா சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், கிறுக்குப் பிடிச்ச மாதிரி.

குறை சொல்லக் கூடாது, நல்ல நெட்டுதான். கேபிள் இல்லாம காத்துல வர்றது, அவ்வளவுதான். நம்ம மாடிக்கும் நெட்டு வாங்கினவங்க மாடிக்கும் நடுவுல ஒண்ணும் குறுக்க வரக் கூடாது. மரம் துளிர் விட்டா போச்சு. தெருவுல யாராவது செங்கல் இறக்கினா, எத்தனை மாடின்னு கேக்க இவரு ஓடுவாரு. ஒருத்தர் மாடியில தண்ணித் தொட்டி வெச்சாரு. இவரு போய்க் கெஞ்சி, தானே தோள் கொடுத்து ரெண்டடி நகத்திட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. அடுத்த வாரம் அந்தாளு உங்ககிட்ட மாறிட்டாரு!

நானூறு வீடு இருந்துச்சுண்ணே. இப்ப முப்பத்தி ஒண்ணு. அதுல ஒண்ணு எங்க வீடு, இன்னொண்ணு நாத்தனார் வீடு. அவளும் கொஞ்ச நாளா என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கிறா. அவளும் மாறப் போறான்னு புரிஞ்சுக்கிட்டேன்.

கூத்து அது இல்ல. உங்ககிட்ட மாறினவங்க எல்லாம், நெட்டு நின்னா இன்னும் இவருக்குத்தான் போன் அடிக்கிறாங்க! உங்க நம்பர்ல ஒன்றை அழுத்தவும், ரெண்டை அழுத்தவும், அப்புறம் பாட்டு. இவருன்னா ரெண்டாவது மணியில சொல்லுங்கம்மாம்பாரு. பையைத் தூக்கிக்கிட்டுப் போய் உங்க பெட்டியைச் சரி பண்ணிட்டு வருவாரு. இப்பவும் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போயிருக்காரு. உங்க கேபிளை எலி கடிச்சிடுச்சாம்! விட்டுட்டுப் போனவங்களுக்கு எதுக்குங்கன்னு கேட்டா, அந்த வீட்டுப் பொண்ணுக்குப் பரீட்சைடின்றாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ஆறு மாசமா உங்க வேலையைத்தானே ஓசியில பாக்கிறாரு, சம்பளத்தோட பாத்தா என்ன? அவரு பேர்ல நானே உங்க கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டாங்கண்ணே! நாளைக்குப் பதினோரு மணிக்கு, வீடியோவுல. எனக்குக் கால் தரையில நிக்கல.

அவருக்கா? ரெண்டு நாள் மாடியிலேயே ஆன்டெனாவைத் திருப்பிக்கிட்டு இருந்தாரு. நேத்துதான் இறங்கி வந்தாரு. பேசறேன், ஆனா நம்ம நெட்டுலதான் பேசுவேன், இல்லேன்னா வேணாம்னாரு. வருமானம் குறைஞ்சதுல நம்ம நெட்டு இப்ப நாலு நிமிஷம் ஓடினா அஞ்சாவது நிமிஷம் நிக்குது. வாயைத் திறந்தபடி முகம் அப்படியே நின்னுட்டா, வேலை கேக்க வந்த மனுஷனுக்கு எவ்வளவு அவமானம்? எனக்குத் தாங்காதுண்ணே.

அட, பச்சை லைட்டு வந்துடுச்சு! பேரு என்ன வெக்கணுமா? எங்க பழைய நெட்டுப் பேரையே வெச்சிடுங்க. பாஸ்வேர்டும் பழசுதான், எங்க கல்யாணத் தேதி. எங்க வீட்டுப் பழைய பெட்டியை நாளைக்கு அவரு பேசுற நேரத்துக்கு நான் அணைச்சிடறேன்.

கண்டுபிடிக்காம இருப்பாரா? நெட்டுக்காரராச்சே. ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு. ஆனாலும் பேசி முடிச்சிட்டு, பாத்தியா, நம்ம நெட்டு ஒரு தடவைகூட நிக்கலைன்னு என்கிட்ட சொல்லுவாரு. நானும் ஆமாங்கம்பேன்.